இரவோடு இரவாகவா, மூன்று நாள் அவகாசமா?

2020 மார்ச் மாதத்தில், கொரோனா பரவத் தொடங்கியபோது, பத்து நாள் இடைவெளிக்குள், இந்தியப் பெருங்கடல் ஓரத்தில் தமிழர் வாழும் மூன்று இடங்கள் அடுத்தடுத்துக் கதவடைத்தன. பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மார்ச் 16 இரவு 11 மணிக்கு அதிபர் மக்ரோனின் உரை ஒளிபரப்பானது; பாரிசில் அப்போது 8 மணி. மறுநாளே ஊரடங்கு தொடங்கிவிட்டது. நம் மொரீஷியஸில் முதல் மூன்று தொற்றாளர்கள் இருப்பதாக மார்ச் 18 இரவு சொன்னார்கள். 19 மாலை பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் ஊரடங்கை அறிவித்தார். 20 காலை 6 மணிக்கு அமல். தென்னாப்பிரிக்காவில் அதிபர் சிரில் ராமபோசா மார்ச் 23 திங்கள் மாலை பேசினார். ஊரடங்கு 26 வியாழன் நள்ளிரவிலிருந்து.

ரீயூனியனுக்கு அரை நாள், நமக்கு ஓர் இரவு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருப்பவர்களுக்கு மூன்று நாள். இனி ஒரு கொள்ளைநோய் வந்தால் நம் தீவு இவற்றில் எதைப் பின்பற்ற வேண்டும்? அது வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, ஆகவே இப்போதே பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவகாசம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் ஒரு குடும்பத்தால் என்ன செய்துகொள்ள முடிகிறது என்பதே பெரிய கேள்வி. அதை வைத்துப் பார்த்தால், நாம் புயலுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை முறைதான் மற்ற எல்லாவற்றையும்விட நமக்குப் பொருந்துகிறது.

இரவோடு இரவாக மூடுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவிலேயே அந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரிகிறது. மார்ச் 15 அன்று அங்கே 61 தொற்றாளர்கள். மார்ச் 23 அன்று 402. எட்டு நாளில் ஆறு மடங்குக்கு மேல். அதாவது ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. அந்த வேகத்தில் மூன்று நாள் அவகாசம் கொடுத்தால், கதவை மூடும் நாளில் அறிவித்த நாளைப் போல இரண்டு மடங்கு நோயாளிகள் இருப்பார்கள். மார்ச் 27 அன்று அங்கே எண்ணிக்கை 1,000ஐத் தாண்டிவிட்டது. முந்தைய நாட்களின் பரவலே பரிசோதனையில் தாமதமாக வெளிப்படுவதால் அதை முழுக்க அந்த மூன்று நாளின் மேல் போட முடியாது. ஆனாலும் அவகாசத்துக்கு விலை உண்டு, அந்த விலை ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் கட்டப்படுகிறது.

அதோடு, அவகாசம் கொடுத்தால் மக்கள் ஓடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. இத்தாலியில் 2020 மார்ச் 7 இரவு மிலான் இருக்கும் வட மாநிலமான லொம்பார்டியை மூடும் ஆணையின் வரைவு முன்கூட்டியே கசிந்தது. மிலான் ரயில் நிலையத்திலிருந்து ஜனங்கள் தெற்கே கிளம்பிவிட்டார்கள். வூஹானில் ஜனவரி 23 அதிகாலை 2 மணிக்கு அறிவித்து, காலை 10 மணிக்கு மூடினார்கள். அதற்கு முன்பே சுமார் 50 லட்சம் பேர் நகரைவிட்டுப் போயிருந்தார்கள் என்று அந்த ஊர் மேயரே பின்னால் சொன்னார். பெரும்பாலானோர் சீனப் புத்தாண்டுக்காக ஊருக்குப் போனவர்கள். இந்தியாவில் மார்ச் 24 இரவு 8 மணிக்குச் சொல்லி நள்ளிரவில் மூடியதையும், அதன்பின் நெடுஞ்சாலைகளில் குழந்தை குட்டியோடு நடந்தவர்களையும் தமிழ் வாசகருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நான்கு மணி நேரத்தில் சொந்த ஊர் போய்ச் சேர முடியாதவர்கள் பிறகு நாட்கணக்கில் நடந்தே போனார்கள்.

இந்த விஷயத்தில் நம் தீவுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வடக்கு தெற்காக 65 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 45. மாயேபூரில் வேலை செய்பவர் குட்லான்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கு அன்று மாலையே போய்விடலாம். தென்னாப்பிரிக்காவுக்கு அது கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கில் கூலி வேலை செய்பவருக்கு வீடு கிழக்குக் கேப் மாநிலத்திலோ லிம்போபோவிலோ, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அவருக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அப்படிப் போனவர்கள் நகரத்து நோயையும் கிராமத்துக் கிழவர் கிழவிகளிடம் கொண்டுபோகும் ஆபத்து இருந்தது என்பது வேறு. பயணத்துக்காக மட்டும் அவகாசம் என்றால் மொரீஷியஸுக்கு மூன்று நாள் தேவையே இல்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இரவோடு இரவாக மூடியதுதான் நம்மைக் காப்பாற்றியது என்று சொல்பவர்கள் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஏப்ரல் முடிவில் நாட்டில் மொத்தம் 332 தொற்று, 10 மரணம். ஏப்ரல் 26க்குப் பிறகு அந்த அலையில் உள்ளூர்ப் பரவல் இல்லை. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் அப்போதுதான் முதல் அலையில் கால் வைத்திருந்தன. ஆனால் இந்தப் பெருமையில் எவ்வளவு பங்கு மார்ச் 19 முதல் எல்லையை மூடியதற்கு, எவ்வளவு தொடர்புத் தடமறிதலுக்கு, எவ்வளவு அந்த ஓர் இரவு அவசரத்துக்கு என்று பிரித்துப் பார்க்காமல் விட்டுவிட்டோம். தீவுக்குக் கடலே சுவர். அந்தச் சுவர் இருக்கும்போது, உள்ளே ஒரு பகல் பொழுது கூடுதலாகக் கொடுத்திருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி அந்த இரவுக்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். என் வாதத்தின் நடு இதுதான்.

மார்ச் 20 காலை ஊரடங்கு தொடங்கியபோது கடைகள் திறந்திருக்கும் என்றார்கள். சூப்பர்மார்க்கெட், தெருமுனை லாபுத்திக், ரொட்டிக் கடை எல்லாம் உண்டு. அதனால் பலர் நிதானமாக இருந்தார்கள். 23ஆம் தேதி சுகாதார ஊரடங்கு ஆணை வந்தது. 24ஆம் தேதி, மறுநாளிலிருந்து மார்ச் 31 வரை சூப்பர்மார்க்கெட், கடை, பேக்கரி எல்லாமே மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. முதல் அறிவிப்பை நம்பி அடித்துப்பிடித்து வாங்காமல் இருந்தவர், அரிசிப் பானையில் பாதி இருந்தால் போதும் என்று இருந்தவர், அவர்தான் இரண்டாவது அறிவிப்பில் மாட்டிக்கொண்டார். முண்டியடித்தவர் வீட்டில் மாவும் பருப்பும் எண்ணெயும் இருந்தன. சொன்னதைக் கேட்டவர் வீட்டில் இல்லை. இதைவிடக் கெடுதலான பாடத்தை ஓர் அரசு மக்களுக்குக் கற்பிக்க முடியாது. அடுத்த முறை ‘கடை திறந்திருக்கும்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே ஓர் இரவு அவகாசத்தைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது ஐந்து நாளுக்குள் விதி மூன்று தடவை மாறியதுதான். அவகாசம் குறைவாக இருந்தாலும் சொன்னது நின்றிருந்தால் ஜனங்கள் சமாளித்திருப்பார்கள்.

அடுத்தது பணம். மார்ச் 19 என்ன தேதி என்று யோசியுங்கள். மாதச் சம்பளம் வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். முதியோர் உதவித்தொகை அடுத்த மாதத் தொடக்கத்தில். தோட்டத்துப் பக்கத்து ஊர்களில் இன்றும் பல குடும்பங்கள் லாபுத்திக்காரரின் கார்னேயில்தான் மாதத்தை ஓட்டுகின்றன: வாங்கியதை நோட்டில் எழுதிக்கொண்டு, சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது. அந்தக் கடையையும் மூடினால், கையில் காசும் இல்லாமல் கடனும் இல்லாமல் போய்விடுகிறது. சூப்பர்மார்க்கெட்டில் கார்னே கிடையாது. மேசன், தோட்டக்காரர், வீட்டு வேலை செய்யும் அக்கா, சந்தையில் கீரை விற்பவர், கல்யாணத்துக்குப் பந்தல் போடுபவர் ஆகியோருக்கு நீங்கள் மார்ச் 19க்குப் பதிலாக மார்ச் 16ஆம் தேதியே சொல்லியிருந்தாலும் அந்த மூன்று நாளை வைத்து அவர்கள் எதை வாங்கியிருப்பார்கள்? அவகாசம் என்பது பணம் இருப்பவருக்கு மட்டுமே அவகாசம். சுயதொழில் செய்வோருக்கு ஒரு மாதத்துக்கு 5,100 ரூபாய் என்று பின்னால் திட்டம் வந்தது, நல்லது. சமூகப் பதிவேட்டில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொட்டலமும் போனது. அவை அறிவிப்புக்குப் பின்னால் ஓடிவந்தன. அறிவிப்போடு கைகோர்த்து வந்திருக்க வேண்டும்.

இந்தக் கண்ணோடு தென்னாப்பிரிக்காவின் மூன்று நாளைப் பார்த்தால் அதன் அருமையும் தெரிகிறது, ஓட்டையும் தெரிகிறது. அங்கே பலருக்கு மாதச் சம்பளம் 25ஆம் தேதி. 23 மாலை அறிவித்து 26 நள்ளிரவில் மூடியதால் சம்பள நாள் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இருக்கும் ஒரு சம்பளக்காரக் குடும்பம் பணத்தை எடுத்து, ஒரு மாதத்துச் சாமானை வாங்கி, பாட்டிக்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கோ அது கிடைக்கவில்லை. அவர்களுக்கு மார்ச் 30, 31 என்று சற்று முன்னதாகத் தேதி கொடுத்தார்கள். ஆனால் அது ஊரடங்கு தொடங்கிய பிறகு. நோயால் அதிக ஆபத்தில் இருக்கும் வயதினர், நோய்க்காக எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன நாட்களில், கடை வாசலிலும் பணம் தரும் இடத்திலும் வரிசையில் நின்றார்கள். உதவித்தொகையை 24, 25 தேதிகளிலேயே போட்டிருந்தால் அந்த மூன்று நாள் எல்லாருக்குமான மூன்று நாளாக இருந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவிடம் எனக்குப் பிடித்த வேறொன்று, பலரும் கவனிக்காதது. அங்கே உண்மையான முன்னறிவிப்பு மார்ச் 23 அல்ல, மார்ச் 15. அன்றைக்கே பேரிடர் நிலை அறிவித்து, 100 பேருக்கு மேல் கூடத் தடை போட்டு, 18 முதல் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 10. டர்பனுக்கு அருகே மவுன்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் அந்த நாளில்தான் ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள், தமிழர்கள் மட்டுமல்ல. ஏப்ரல் 14 தமிழ் வருஷப் பிறப்பு. கோயில் கமிட்டிக்காரர்களுக்கு மார்ச் 15லேயே மணி அடித்துவிட்டது. பூ, பால், பந்தல், சமையல் என்று முன்பணம் போவதற்குள் நிறுத்திக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் இருந்தது. படிப்படியாக ஏற்றினால் கடைசிப் படியில் அவகாசம் குறைந்தாலும் தாங்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு வாரத்தை நெருங்கும் அவகாசத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 31 அறிவித்து நவம்பர் 5 மூடினார்கள். முந்தைய இரவு மதுக்கடைகளில் கூட்டம். நோய் ஏறிக்கொண்டிருக்கும்போது இத்தனை நாள் கொடுப்பதை நம்மைப் போன்ற நெருக்கமான தீவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடைப்பட்ட நேரத்தில் கடைகளை எப்படி நடத்துகிறோம் என்பதைத் தமிழ்நாடு இரண்டு விதமாகச் செய்து காட்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது ஏப்ரல் 25 மட்டும். கடை நேரம் குறுகலாக இருந்ததால் ஊரே சந்தைக்கு வந்துவிட்டது. பிறகு அன்றைக்கே நேரத்தை மாலை 3 மணி வரை நீட்டினார்கள். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தை பெரிய தொற்று மையமாக மாறி மே 5 மூடப்பட்டது. கோயம்பேட்டுத் தொற்றுக்கு அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெரிசலை உண்டாக்கும் அவகாசம் அவகாசமே அல்ல. மறுவருஷம் மே 22 அன்று, 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று அறிவித்தபோது, இடைப்பட்ட இரண்டு நாளும் கடைகள் இரவு 9 வரை திறந்திருக்கலாம் என்றார்கள், ஊர் திரும்ப பஸ் விட்டார்கள், ஊரடங்கில் காய்கறி வண்டி தெருவுக்கே வரும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதிலும் கூட்டம் இருந்தது. ஆனால் நேரத்தை அகலமாக்கினால் அதே ஜனம் பரவி வரும் என்ற யோசனை சரியானது.

நியூசிலாந்து 2020 மார்ச் 21 அன்று நான்கு படி கொண்ட எச்சரிக்கை முறையை வெளியிட்டது. அன்று நாடு இரண்டாம் படியில். 23ஆம் தேதி மூன்றாம் படி உடனே, நான்காம் படி 48 மணி நேரத்தில் என்றது. பின்னர் 2021 ஆகஸ்ட் 17 அன்று ஆக்லாந்தில் ஒரே ஒரு தொற்று தெரிந்ததும், மாலையில் அறிவித்து அன்று நள்ளிரவுக்குள் நாடு முழுவதும் நான்காம் படிக்குப் போனது. சில மணி நேரம்தான் கிடைத்தது. ஆனால் நான்காம் படி என்றால் என்ன, எந்தக் கடை திறக்கும், சம்பளத்துக்கு என்ன வழி என்பதை அந்த ஜனங்கள் முன்பே ஒருமுறை வாழ்ந்து பார்த்திருந்தார்கள். விதி பழகியிருந்தால் மணி நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

நமக்கு இதைக் கற்றுக்கொள்ள நியூசிலாந்துக்குப் போக வேண்டாம். புயல் எச்சரிக்கை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் வகுப்பு எச்சரிக்கை 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னால். இரண்டாம் வகுப்பு, மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வருமுன் முடிந்தவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி. மூன்றாம் வகுப்பு, 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி. நான்காம் வகுப்பில் அந்தக் காற்று வந்தேவிட்டது. எந்த வகுப்பில் தண்ணீர் பிடிப்பது, எந்த வகுப்பில் மெழுகுவத்தியும் டின் மீனும் வாங்குவது, எப்போது ஜன்னலை அடைப்பது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரீயூனியனிலும் இதே பழக்கம்தான்: ஆரஞ்சு எச்சரிக்கை ஒரு நாள் முன்னால், சிவப்பு எச்சரிக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே அறிவிப்பு என்று வெகுகாலம் நடந்தது.

இதை வகுத்தவர்கள் கடிகார மணியை எண்ணாமல் பகல் வெளிச்சத்தை எண்ணியிருக்கிறார்கள். கூரையைக் கட்டவும் சாமான் வாங்கவும் வெளிச்சம் வேண்டும். 2020 மார்ச் 19 மாலை அறிவித்து மறுநாள் காலை 6 மணிக்கு மூடியதை இந்த அளவுகோலால் அளந்தால், விடிவதற்குள் முடிந்துவிட்ட அவகாசம் அது. 2021 மார்ச் 9 இரவு அறிவித்து 10 காலை 6 மணிக்கு மூடியதும் அப்படியே. அந்த இரண்டாம் முறை மகா சிவராத்திரி மார்ச் 11. முதல் அனுபவத்துக்குப் பிறகும் ஒரு பகல் பொழுதைக் கொடுக்கவில்லை.

கொள்ளைநோய்க்கும் இப்படி வகுப்பு வைக்கலாம் என்றால் உடனே எழும் நியாயமான மறுப்பு: காற்றுக்கு நாம் கூடுவதும் பிரிவதும் தெரியாது, கிருமிக்குக் கூட்டம்தான் உணவு. முதல் வகுப்பு எச்சரிக்கை என்றதும் ஜனங்கள் சூப்பர்மார்க்கெட்டில் குவிந்தால் எச்சரிக்கையே நோயைப் பரப்பும். சரி. அதற்கான மருந்தையும் நாமே கண்டுபிடித்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 2 அன்று கடைகளைத் திரும்பத் திறந்தபோது, குடும்பப்பெயரின் முதல் எழுத்தை வைத்து நாள் ஒதுக்கினார்கள்: ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன், ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி, ஓ முதல் இசட் வரை புதன், சனி. உள்ளே அரை மணி நேரம்தான், முகக்கவசம் கட்டாயம், அரிசி, மாவு, எண்ணெய் போன்றவற்றுக்கு ஆளுக்கு அளவு. நம் குடும்பங்களில் பிள்ளை, ராமசாமி, சுப்ரமணியன், வீரப்பன், வைத்திலிங்கம் என்று பெரும்பகுதி புதன், சனியில் போய் நின்றது. எழுத்துகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகையைப் பார்த்துப் பிரித்தால் இன்னும் சீராக இருக்கும். குறை இருந்தாலும் அந்த முறை வேலை செய்தது, 2021இலும் அதையே எடுத்தார்கள்.

ஒரே திருத்தம்தான் கேட்கிறேன். அந்த எழுத்து வரிசையை ஊரடங்கின் பதினான்காம் நாளில் தொடங்காமல், எச்சரிக்கையின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். முதல் வகுப்பு என்றதும் எழுத்து வரிசை அமல், அளவுக் கட்டுப்பாடு அமல், லாபுத்திக் மூடப்படாது என்ற உறுதி எழுத்தில். இரண்டாம் வகுப்பு என்றால் பன்னிரண்டு மணி நேரப் பகல் வெளிச்சம், அந்த நேரத்துக்குள் உதவித்தொகையும் சுயதொழில் உதவியும் கணக்கில் விழுந்துவிட வேண்டும், நீரிழிவு மாத்திரைகள் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட வேண்டும். வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு நீரிழிவு இருக்கும் நாடு இது. மாத்திரை வரிசையே ஒரு பெரிய கூட்டம். வீட்டிலேயே அடி வாங்கும் பெண்ணுக்கும் அந்தப் பகல்தான் அம்மா வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போக ஒரே வாய்ப்பு. இரவு அறிவித்து விடியலில் மூடும்போது அவளை அந்த ஆளோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் பகல் வெளிச்சம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லை, பெரிய கூட்டம், மது விற்பனை இவற்றுக்கு உடனடித் தடைதான் சரி. தென்னாப்பிரிக்கா 2020 ஜூலை 12 இரவு மதுத் தடையை அந்தக் கணமே திரும்பக் கொண்டுவந்தது. நாளை என்று சொல்லியிருந்தால் அன்றிரவே கடைகளில் நெரிசல். எல்லை விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு வேண்டும்: 2020இல் வெளியே மாட்டிக்கொண்ட நம் குடிமக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், திரும்பி வருபவருக்குத் தனிமைப்படுத்தும் இடம் எங்கே, எத்தனை நாள் என்பது முதல் வகுப்பின் பக்கத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

வகுப்பு முறைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. சரியான நேரத்தில் ஏற்றாவிட்டால் அது காகிதம். 2024 ஜனவரி 15, பெலால் புயல் நாளில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனபோது பலர் காலையிலேயே வேலைக்கு வந்திருந்தார்கள். ஏணி இருந்தது, ஏறுவது தாமதமானது. கொள்ளைநோயில் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும், ஏனென்றால் கிருமி வானத்தில் தெரியாது. ஆகவே எந்தப் படிக்கு எப்போது போவது என்ற முடிவு, எத்தனை நாளில் தொற்று இரட்டிப்பாகிறது, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எத்தனை மீதம் என்ற இரண்டு எண்களோடு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்களைத் தினமும் வானிலை அறிக்கைபோல வானொலியில் சொல்ல வேண்டும். பிரதமர் பேசும் இரவுக்காக நாடு காத்திருக்கக் கூடாது.

மொழியையும் முதல் வகுப்பிலேயே எழுதிவிட வேண்டும். கிரியோலிலும் பிரெஞ்சிலும் சொன்னால் நமக்குப் போதும். ஆடைத் தொழிற்சாலை விடுதிகளில் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஓர் அறையில் பலராகப் படுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரப் பகல் அவர்களுக்கும் பன்னிரண்டாக இருக்க வேண்டுமானால், வங்காளியிலும் இந்தியிலும் நேபாளியிலும் மலகாசியிலும் எழுதிய அறிவிப்பு விடுதிச் சுவரில் அதே மணிக்கு ஒட்டப்பட வேண்டும், அவர்கள் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளை இப்போதே அச்சடித்து, தேதியை மட்டும் காலியாக விட்டு வைக்கலாம்.